அணில், மயில், சேவல்: ஒரு ஊர் நடத்திய பொம்மைக்கடை

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் பட்டாசுக் கடைகளுக்குப் பூஜை போடுவார்கள். தீபாவளிக்கு இன்னும் இரண்டரை மாதத்துக்கு மேல் இருக்கும். கரிசல் காட்டில் ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் சாத்தூர் ரோட்டிலும் விருதுநகர் ரோட்டிலும் வரிசையாக நிற்கும் கடைகளில் அன்றைக்கே வியாபாரம் ஆரம்பித்துவிடும். அந்த வருடத்துப் புது ரகங்கள் கண்ணுக்கு எதிரே மேல் தட்டில் ஏறும். விலைப்பட்டியல் அச்சாகி வந்திருக்கும். கொஞ்ச நாளில் வெளியூர் வண்டிகள் வரத் தொடங்கும். குடும்பத்தோடு வருவார்கள். குற்றாலம் போய்விட்டுத் திரும்பும் வழியில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளைக் கும்பிட்டுவிட்டுப் போகும் வழியில், வருவார்கள்.

அந்தக் கடைகளுக்குள் பிள்ளைகள் நுழையும்போது கவனித்துப் பாருங்கள். பெரியவர்கள் பட்டியலைப் பார்ப்பார்கள், பிள்ளைகள் பெட்டியைப் பார்ப்பார்கள். பெட்டியில் இருக்கிற பெயர்கள் எல்லாம் விளையாட்டுச் சாமான் பெயர்கள்: பம்பரம், சாட்டை, பென்சில், ராக்கெட், ஹெலிகாப்டர், பட்டாம்பூச்சி. சுருள் கேப்புக்குத் துப்பாக்கி. கொளுத்தினால் கருப்பாக நெளிந்து வளரும் பாம்பு மாத்திரை. சட்டத்தின் கண்ணுக்கு இவையெல்லாம் வெடிபொருள்தான், 1884-ஆம் வருடத்து வெடிபொருள் சட்டத்துக்குள் வருபவை. பிள்ளைகளின் கண்ணுக்கோ ஒரு நாள் மட்டும் உயிரோடு இருக்கும் பொம்மைகள்.

இந்தியாவின் பட்டாசில் ஏறத்தாழ 90 சதவீதம் விருதுநகர் மாவட்டத்திலிருந்து போகிறது என்பார்கள். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள். அவ்வளவு பெரிய ஒரு தேசத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஊர் பொம்மைக்கடை வைத்து நடத்துவது உலகத்தில் வேறெங்கும் சட்டென்று காணக்கிடைக்காத காரியம். அந்தக் கடை எப்படி எழுந்தது, எங்கே விரிசல் விட்டது என்பதுதான் இந்தக் கட்டுரை.

விரிசலுக்குக் காரணம் கேட்டால் எல்லோரும் டெல்லியின் புகையையும் உச்ச நீதிமன்றத்தையும் சொல்வார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் அது பிந்திய கதை. முதல் விரிசல் இங்கேயே, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டில் விழுந்தது என்பதே என் எண்ணம்.

படம் பார்த்து வாங்கிய காலம்

1922-இல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார், பங்காளிகள். தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வருவது நோக்கம். அந்தச் சமயத்தில்தான் அயல்நாட்டுத் தீப்பெட்டிக்கு இறக்குமதி வரி உயர்ந்திருந்தது. சுவீடன்காரர்களும் ஜப்பான்காரர்களும் ஆண்டுகொண்டிருந்த சந்தையில் உள்ளூர்க்காரனுக்கு ஒரு சந்து திறந்தது. மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பொய்க்கிற பூமி இது. காய்ந்த வெயில் பயிருக்குத்தான் பகை. குச்சியும் மருந்தும் உலர அதைவிடத் தோது எது? கூலிக்கு ஆள் ஏராளம். நாடார்கள் தாக்கப்பட்ட 1899 கலவரத்தின் வடு ஆறாத ஊர் இது. ஆபத்தில் கைகொடுக்க மகமை என்று பொதுப்பணம் சேர்த்து, பள்ளியும் பேட்டையும் கட்டிப் பழகிய வியாபாரச் சமூகம் இங்கே இருந்தது. அந்த ஒழுங்குதான் முதலீடாயிற்று.

திரும்பி வந்தவர்கள் ஜெர்மன் இயந்திரத்தை வைத்து ஆரம்பித்தார்கள். கட்டுப்படியாகவில்லை. கைவேலைக்கு மாறினார்கள். அந்த ஒரு முடிவுதான் இந்த மாவட்டத்தின் தலையெழுத்தை எழுதியது என்று நினைக்கிறேன். இயந்திரம் வென்றிருந்தால் சிவகாசியில் நாலு பெரிய ஆலைகள் இருந்திருக்கும். கைவேலை வென்றதால் ஊர் ஊராக, வீடு வீடாகத் தொழில் பரவியது. பெட்டி ஒட்டுவது திண்ணையில், கட்டை அடுக்குவது தீப்பெட்டி ஆபீஸில். ஆலையை எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம். சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் அத்தை வீட்டுக்கு விடுமுறைக்குப் போனால், மாவுப்பசை மணமும் நீலத்தாளும்தான் முதலில் வரவேற்கும். பேசிக்கொண்டே, புறணி சொல்லிக்கொண்டே, பார்க்காமலே அத்தையின் விரல்கள் பெட்டி மடிக்கும்.

1926-இல் பங்காளிகள் தொழிலைப் பிரித்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அணில் மார்க், இன்னொருவருக்குக் காக்கா மார்க். பின்னால் பட்டாசு வந்தபோது சேவலும் வந்தது, மயிலும் வந்தது. ஏன் எல்லாம் பறவையும் விலங்கும்? வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். “அணில் கொடு” என்று கேட்கலாம், கொடுத்தது அணில்தானா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கையகலச் சீட்டு ஒரு வாக்குறுதி. இந்தக் குச்சி நமுத்திருக்காது, உரசினால் பற்றும் என்று முகம் தெரியாத ஒருவர் முகம் தெரியாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கு. அந்தச் சீட்டை அச்சடிக்கத்தான் சிவகாசிக்கு லித்தோ அச்சு வந்தது. பிறகு காலண்டரும் டைரியும் நோட்டுப் புத்தகமும் சேர்ந்து அச்சுத்தொழில் தனியாக ஒரு ராஜ்யமாயிற்று. நேரு இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘குட்டி ஜப்பான்’ என்றார் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள்.

தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு ஒரே எட்டுதான். குச்சியின் மருந்தில் நிறம் சேர்த்தால் மத்தாப்புத் தீப்பெட்டி. அதிலிருந்து கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், தரைச்சக்கரம், வெடி. இரண்டாம் உலகப் போர் வந்து வெளிநாட்டுப் பட்டாசு வரத்து நின்றது. 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்து, உரிமம் வாங்கி முறையாக ஆலை நடத்த வழி பிறந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இதிலும் முன்னே போனார்கள். 1942-இல் ஸ்டாண்டர்டு தொடங்கியது. சுதந்திரம் வந்தபோது கொண்டாடுவதற்கு வேண்டிய சாமான் சிவகாசியில் தயாராக இருந்தது.

மூன்று நாள் வியாபாரம், முந்நூறு நாள் வேலை

இந்தக் கடையின் கணக்கு விசித்திரமானது. விற்பது ஏறக்குறைய மூன்று நாள். செய்வது வருடம் முழுக்க. தீபாவளி முடிந்து ஆலைகள் சில வாரம் ஓயும், பிறகு பூஜை போட்டுத் திறக்கும். தை, மாசியில் தயாரான சரக்கு கிடங்கில் காத்திருக்கும். சரக்கு வடக்கே போகும். காசு தீபாவளி கழிந்து வரும். வடநாட்டு வியாபாரி விற்று முடித்துப் பணம் அனுப்பினால்தான் இங்கே அடுத்த வருடத்து அலுமினியப் பொடிக்கும் வெடியுப்புக்கும் கந்தகத்துக்கும் காசு. கேரளத்தில் விஷு, வங்கத்தில் காளி பூஜை, வடநாட்டில் கல்யாண ஊர்வலம், தேர்தல் வெற்றி, கிரிக்கெட் வெற்றி என்று உதிரி வரவு உண்டு. ஆனாலும் முதுகெலும்பு தீபாவளிதான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் முடங்குவது பிள்ளைகள் மட்டுமா? சிவகாசியில் கடன் புத்தகமும் மூடாமல் கிடக்கும்.

இந்த வேலையில் இருக்கிற கைநுட்பத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காகிதக் குழாய் சுற்றுவது, அடியில் மண் அடைப்பது, மருந்து செலுத்துவது, திரி வைப்பது. சர வெடி பின்னுவது இவற்றிலெல்லாம் தனி. பூக்காரர்கள் மல்லிகை தொடுப்பதுபோல, வெடியின் திரியை நடுத்திரியோடு சேர்த்து நூலால் முடிந்து முடிந்து போவார்கள். நூறு, ஆயிரம், பத்தாயிரம். பெரும்பாலும் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி.

ஒரு காலத்தில் பிள்ளைகளும் அந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். இதை மென்று விழுங்கிவிட்டு சிவகாசியின் வளர்ச்சியைப் பேசுவது நேர்மை அல்ல. விடியும் முன்னே ஆலை வண்டி வந்து, தூங்குகிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன காலம் இந்தக் கிராமங்களுக்குத் தெரியும். சலம் பென்னுர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அதை உலகத்துக்குக் காட்டியது. அதற்கு முன்பே 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்திருந்தது. 1996 டிசம்பரில், வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தனிப்பள்ளிகள் வந்தன, ஆய்வுகள் வந்தன, சத்துணவு ஏற்கெனவே இருந்தது. அந்தத் தலைமுறையில் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று பொறியியல் படிக்கிறார்கள். இந்த ஊர் திருந்தக்கூடிய ஊர்தான் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தேவையில்லை. பின்னால் வரும் விஷயங்களை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

சீட்டில் எழுதிய விலை

இப்போது கடைக்குள் திரும்பி வருவோம். ஒரு பெட்டியை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். அதிகபட்சச் சில்லறை விலை என்று ஒரு எண் இருக்கும். கடை வாசலில் தட்டி கட்டியிருக்கும்: 80 சதவீதம் தள்ளுபடி. சில இடங்களில் அதற்கும் மேலே. ஆயிரம் ரூபாய்ப் பெட்டி இருநூறு ரூபாய்க்குக் கைமாறும். வாங்குகிறவருக்கு எண்ணூறு ரூபாய் மிச்சம் பிடித்த சந்தோஷம். அந்த எண்ணூறு ரூபாய் எப்போதுமே இருந்ததில்லை.

சட்டப்படி இது தவறில்லை. அச்சிட்ட விலைக்கு மேலேதான் விற்கக்கூடாது, கீழே எவ்வளவுக்கு வேண்டுமானாலும் விற்கலாம். ஒருவர் பெரிய எண்ணை அச்சடித்துப் பெரிய தள்ளுபடி கொடுத்தார். அடுத்தவர் உண்மை விலையை அச்சடித்திருந்தால் அவருடைய தட்டியில் பத்து சதவீதம்தான் எழுத முடியும். யார் கடைக்குள் நுழைவார்கள்? அவரும் எண்ணை ஏற்றினார். பெயரெடுத்த பழைய கம்பெனிகளும் வேறு வழியில்லாமல் ஏற்றின. சில வருடத்தில் சீட்டில் இருந்த எண்ணுக்குப் பொருளே இல்லாமல் போயிற்று. அணிலும் மயிலும் சேவலும் கட்டிய வாக்கை இந்த எண் அவிழ்த்துவிட்டது. நல்ல சரக்கு, நடுத்தரச் சரக்கு, எங்கோ ஒரு வீட்டுப் பின்கட்டில் உருட்டிய சரக்கு, எல்லாமே தள்ளுபடியில் ஒன்றாகத் தெரிந்தன.

கிப்ட் பாக்ஸ் வந்ததும் இது இன்னும் மோசமாயிற்று. 21 ரகம், 25 ரகம், 30 ரகம் என்று எண்ணிக்கைதான் விற்றது. உள்ளே என்ன மார்க் என்று யாரும் கேட்பதில்லை. சீட்டுப் பிடித்து மாதாமாதம் கட்டி, தீபாவளிக்குப் பெட்டியாக வாங்குகிற குடும்பங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மாதச் சம்பளத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி மத்தாப்பு வாங்கித் தர நினைப்பது தப்பா?

அடுத்து இணையம் வந்தது. சிவகாசி விலாசத்தோடு நூற்றுக்கணக்கில் வலைத்தளங்கள். ரயிலில் பட்டாசு ஏற்ற முடியாது. லாரி ஆபீஸ் வழியாகப் பக்கத்து ஊருக்குப் பார்சல் வரும், போய் எடுத்துக்கொள்ள வேண்டும். 2018-இல் உச்ச நீதிமன்றம் இணையவழி விற்பனையைத் தடை செய்தது. தடைக்குப் பிறகும் தளங்கள் முளைத்தன. அதோடு போலித் தளங்களும் முளைத்தன. பணத்தைக் கட்டிவிட்டு ஏமாந்தவர்களின் புகார்கள் குவிந்து, சைபர் கிரைம் போலீஸ் எச்சரிக்கை விடுவது தீபாவளிச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது. சிவகாசி என்ற பெயரே ஒரு மார்க் ஆகி, அந்த மார்க்கையும் யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம் என்ற நிலைக்கு வந்தது.

விலை கீழே போனால் யாராவது ஒருவர் அதைச் சுமந்தாக வேண்டும். அலுமினியப் பொடிக்காரர் விலை குறைக்க மாட்டார். காகிதக்காரர் குறைக்க மாட்டார். குறைகிற இடம் கூலியும் பாதுகாப்பும்தான். பட்டாசு ஆலையில் ஒரு அறைக்கு இத்தனை பேர், ஒரு வேளைக்கு இத்தனை கிலோ மருந்து, அறைக்கும் அறைக்கும் இத்தனை இடைவெளி என்று விதி இருக்கிறது. போர்மேன் கூடவே நின்று பார்க்க வேண்டும். இந்த விதிகளை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் ஒரு பெட்டிக்கு ஆகும் செலவு ஒன்று. அறைகளை உள்குத்தகைக்கு விட்டு, நாலு பேர் இருக்க வேண்டிய இடத்தில் அதிகம் பேரை உட்காரவைத்து, மரத்தடியிலும் மருந்து அடைத்தால் ஆகும் செலவு வேறு. வெடிபொருள் துறையின் நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ் என்று மூன்று தட்டு இருக்கிறது. எந்தத் தட்டிலும் இல்லாமல் வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கம் வீடுகளில் செய்யப்படுவதும் இருக்கிறது. தள்ளுபடித் தட்டிக்கும் இந்த வீடுகளுக்கும் நடுவே நேர்கோடு ஒன்று ஓடுகிறது.

கடல் தாண்டி ஒரு கடை

இந்த இடத்தில் அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1948-இல் வாஷிங்டனில் சார்லஸ் லாசரஸ் என்ற இளைஞர் தொட்டில் விற்கக் கடை போட்டார். தொட்டில் வாங்கிய தாய்மார்கள் இன்னொரு தொட்டில் வாங்க வருவதில்லை, பொம்மை வாங்கத்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள் என்று கண்டுகொண்டார். 1957-இல் ‘டாய்ஸ் ஆர் அஸ்’ பிறந்தது. கூரை வரைக்கும் பொம்மை அடுக்கிய பிரம்மாண்டக் கடைகள், ஒட்டகச்சிவிங்கிச் சின்னம். இங்கே அணில் செய்த வேலையை அங்கே ஒட்டகச்சிவிங்கி செய்தது.

2005-இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து அதை ஏறத்தாழ 660 கோடி டாலருக்கு வாங்கின. கைக்காசு கொஞ்சம், கடன் மிச்சம். அந்தக் கடனைக் கடையின் தலையிலேயே கட்டினார்கள். வருடத்துக்கு 40 கோடி டாலர் அளவுக்கு வட்டிக்கே போயிற்று. கடையைப் புதுப்பிக்க, ஊழியர்களுக்குப் பயிற்சி தர, இணைய வியாபாரத்தோடு போட்டி போடக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 2017 செப்டம்பரில் திவால் மனு. 2018 மார்ச்சில் அமெரிக்கக் கடைகள் எல்லாவற்றையும் மூடப்போவதாக அறிவிப்பு. அறிவிப்பு வந்த அடுத்த வாரமே லாசரஸ் 94 வயதில் இறந்தார். ஜூன் கடைசியில் கதவுகள் சாத்தப்பட்டன. முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். பணிநீக்க ஈடு கிடையாது என்றார்கள். ஊழியர்கள், அவர்களில் பலர் இருபது முப்பது வருடம் அங்கேயே நின்ற பெண்கள், தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் முதலீட்டு நிறுவனங்களில் இரண்டு சேர்ந்து இரண்டு கோடி டாலர் நிதி ஒதுக்கின.

கவனிக்க வேண்டியது இதுதான். அந்தக் கடை சாகும்போது அதில் வியாபாரம் இல்லாமல் இல்லை. வருடத்துக்கு ஆயிரம் கோடி டாலருக்கு மேல் விற்றுக்கொண்டிருந்தது. பிள்ளைகள் பொம்மையை வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தில் ஏற்றிய பாரம் கடையை அமுக்கிற்று. கடைசியில் அந்தப் பாரம் கல்லாவில் நின்ற பெண்ணின் தோளில் வந்து இறங்கியது. அங்கே கடன். இங்கே பொய் விலை. இரண்டும் இறங்கிய இடம் ஒன்றுதான்.

முதலிப்பட்டி, அச்சங்குளம், ரெங்கபாளையம்

2012 செப்டம்பர் 5, பகல் நேரம். சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் ஒரு ஆலையில் தீப்பிடித்தது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் காப்பாற்ற ஓடினார்கள், பார்க்கவும் ஓடினார்கள். அடுத்த வெடிப்பில் அவர்களும் சிக்கினார்கள். ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். சிவகாசி அரசு மருத்துவமனையில் அத்தனை தீக்காயக்காரர்களைத் தாங்க இடம் போதாமல் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எழுபது கிலோமீட்டர்.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தீபாவளி முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பட்டாசை நாம் மறந்திருந்த மாதம். ஒரே உரிமத்தைக் காட்டி அறைகளைப் பலருக்குக் குத்தகைக்கு விட்டிருந்த விவகாரம் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது.

2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். ஆலையோடு ஒட்டியிருந்த விற்பனைக் கடையில் தீ. பட்டாசை வெடித்துப் பார்த்தபோது தெறித்த பொறி கிப்ட் பெட்டிகள் இருந்த இடத்தில் விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் கருகினார்கள், பெரும்பாலும் பெண்கள். தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லை. பெட்டியில் ரகங்களை அடுக்கிக்கொண்டிருந்த கைகள் அவை. 2025 ஜூலை 1-ஆம் தேதி சின்னக்காமன்பட்டி. இன்னும் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டே போகலாம். ‘உராய்வினால் விபத்து’ என்று செய்தி முடியும். மருந்து உராய்ந்தால் வெடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த அறையில் அத்தனை மருந்தும் அத்தனை ஆளும் ஏன் இருந்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் பாதி வழியிலேயே விலைச்சீட்டு எதிர்ப்படும்.

சரம் அறுந்த வருடம்

டெல்லியில் மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில் பெற்றோர் 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். குழந்தைகளின் நுரையீரலுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்ற வழக்கு. பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட பொருளைப் பிள்ளைகளே கூண்டில் ஏற்றியது போன்ற நிலை. 2016 நவம்பரில் டெல்லி வட்டாரத்தில் விற்பனை உரிமங்கள் நிறுத்தப்பட்டன. 2018 அக்டோபர் 23-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. நாட்டுக்கே பொருந்தும் தீர்ப்பு: பேரியம் உப்புக் கூடாது, சர வெடி கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது, நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாம், பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம். தமிழ்நாட்டில் காலை ஆறிலிருந்து ஏழு, இரவு ஏழிலிருந்து எட்டு என்று நேரம் குறித்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பொம்மைக்கடை மூடிய அதே வருடம்.

பேரியம் நைட்ரேட் என்ன செய்யும் என்று தெரிந்தால்தான் அடியின் கனம் புரியும். வாணத்தில் பச்சை நிறம் தருவது அது. அதோடு கம்பி மத்தாப்பு, தரைச்சக்கரம், புஸ்வாணம் ஆகியவை நின்று எரிய உயிர்வாயு தருவதும் அதுவே. அதாவது வெடியைவிட, சின்னப் பிள்ளைகள் கையில் பிடிக்கிற சாமான்களில்தான் அது அதிகம். மாற்று மருந்தைக் கண்டுபிடிக்க நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் இறங்கியது. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று பெயர் வைத்து, நுண்துகள் குறைந்தது 30 சதவீதமாவது குறையும் வகையில் கலவைகள் தந்தது. அதற்கு மாதங்கள் பிடித்தன. இடையில் 2018 தீபாவளிக்குப் பிறகு ஆலைகள் பூட்டிக் கிடந்தன. பொங்கல் போயிற்று, ஆலை திறக்கவில்லை. சரம் பின்னியவர்கள், குழாய் சுற்றியவர்கள் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன்னால் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். வாராந்தரக் கூலி வாங்கி, வாராந்தரக் கடன் கட்டுகிறவர்கள். நாலு மாதம் என்பது அவர்களுக்கு வெறும் காலண்டர்த் தாள் அல்ல.

அந்தத் தீர்ப்பின் மேல் எனக்கு வருத்தம் உண்டு, வெறுப்புக் கிடையாது. டெல்லியின் நவம்பர்க் காற்றில் பட்டாசுக்குப் பங்கு உண்டு. வயல் எரிப்பும் வண்டிப் புகையும் மின்நிலையமும் அதைவிடப் பெரிய பங்காளிகள். அவர்களிடம் நீளாத கை சிவகாசியிடம் நீண்டது என்ற ஊர்க்காரர்களின் குமுறலில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் சரக்குக்குத் தானே நேர்மையான விலை போட முடியாத, தன் அறைகளைத் தானே காவல் காக்க முடியாத ஒரு தொழில், நீதிமன்றத்தில் போய்த் தன்னை நம்பச் சொன்னபோது அந்தக் குரல் கம்மியே ஒலித்தது. விதியை மதித்து நடத்துகிறவர்கள் இந்த ஊரில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுடைய பேச்சும் சேர்ந்தே அடிபட்டுப் போனது.

பின்னால் டெல்லியில் பட்டாசுக்கு முழுத்தடையே வந்திருந்தது. 2025 அக்டோபர் 15-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அங்கே சில நாளைக்குப் பசுமைப் பட்டாசு விற்க இடம் கொடுத்தது. சிவகாசியில் இனிப்புக் கொடுத்துக் கொண்டாடினார்கள். ஐந்து நாளில் தீபாவளி. கரிசல் காட்டிலிருந்து டெல்லிக்கு லாரி போய்ச் சேரவே பாதி நாள் போய்விடும். ஆனாலும் அந்த மகிழ்ச்சி எனக்குப் புரிந்தது. பெரிய கடையில் தன் தட்டை மறுபடி வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் அல்லவா.

பசுமைப் பட்டாசுப் பெட்டியில் இப்போது புதுச் சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. கருப்பு வெள்ளைக் கட்டம், க்யூஆர் கோடு. செல்போனைக் காட்டினால் இது சோதிக்கப்பட்ட சரக்குதானா என்று தெரிய வேண்டும். அணிலுக்குப் பிறகு நூறு வருடம் கழித்து இன்னொரு வாக்குறுதி. அந்தக் கட்டத்துக்குப் பக்கத்திலேயே பழைய பொய் விலையும் அச்சாகியிருக்கிறது. அதையும் மாற்றிவிட்டால் என்ன என்று நான் கேட்கிறேன். எல்லா ஆலைக்காரர்களும் உட்கார்ந்து பேசி, ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், உண்மை விலையை அச்சடித்தால் என்ன? தட்டியில் தள்ளுபடி குறையும். அறைக்கு நாலு பேர் என்ற விதிக்கு ஆகும் செலவு விலையிலேயே தெரியும். எந்தப் பெட்டி அந்தச் செலவில்லாமல் வந்தது என்பதும் தெரிந்துவிடும். கூட ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்க மதுரைக்காரர்களும் கோவைக்காரர்களும் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஏன் அந்த ஐம்பது என்று அவர்களுக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை.

அத்தை இருந்த தெருவில் இப்போது யாரும் பெட்டி ஒட்டுவதில்லை. தீப்பெட்டி பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டாசு ஆலை வேன் முக்கில் வந்து நிற்கும். பருத்திச் சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்ட பெண்கள் தூக்குவாளியோடு இறங்குவார்கள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளியாய் மின்னும். பிள்ளைகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். இரண்டு கையையும் உயரத் தூக்கிக்கொண்டு, பிள்ளையைத் தொடாமல் விலகி விலகி நடந்து, முதலில் வாசல் குழாயடிக்குத்தான் போவார்கள். தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்புறம்தான் தூக்குவார்கள்.